ராமநாதபுரம் கரையிலிருந்து பைக் டிராக் ரேஸ்: டூ-ஸ்ட்ரோக் வண்டியோடு ஒரு சீசன், வரிசைப்படி

டிராக் ரேஸ் (drag race) என்றால் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாய்ந்து, குறித்த தூரத்தை யார் முதலில் தாண்டுவது என்கிற பந்தயம். எங்கள் டீம் நாலு பேர், ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 135, உச்சிப்புளிப் பக்கம் ஒரு ஓட்டு ஷெட். சீசனுக்கு முன்னால் கீழக்கரையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் இரண்டு மூன்று பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, போர்ட் பண்ணிட்டா எவ்வளவு போகும்?"

போர்ட்டிங், அதாவது சிலிண்டரில் கலவையும் புகையும் போய்வரும் வாய்களைத் தேய்த்து மாற்றுவது, இங்கே பத்தாவதாகத்தான் வருகிறது. முன்னால் இருக்கிற ஒன்பதையும் ஒழுங்காகச் செய்தவன், கம்பெனி சிலிண்டரோடு வந்தே, போர்ட் பண்ணிவிட்டு மற்றதையெல்லாம் விட்டவனைத் தாண்டிப் போவதை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் வரிசையை மாற்றாதீர்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் 5, 10-வது பகுதிகளையும், 9-ல் ஆயில் கலவை வரும் இடத்தையும் விட்டுவிடலாம், மற்றதெல்லாம் உங்களுக்கும்தான்.

1. ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள்

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு நேராகக் கிடக்கிறது, அதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும் என்பது எனக்கும் தெரியும். வேண்டாம். அங்கே காற்று ரோட்டுமேல் மணலை மெல்லிசாக விரித்துவிட்டுப் போகும், தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது, மூன்றாவது கியரில் பின் டயர் அதன்மேல் ஏறும்போதுதான் தெரியும். சுற்றுலா வேனிலிருந்து குழந்தைகள் கடலைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள்.

சட்டமும் இருக்கிறது. பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை போகும்.

டியூனிங் கணக்கிலும் ரோடு உதவாது. சோளகம் அடிக்கும் மாதங்களில் ஒரு பக்கமாகத் தள்ளும் காற்றில் எடுத்த நேரத்தை, காற்றில்லாத காலையில் எடுத்த நேரத்தோடு வைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது. பெரும்பாலான வேலை ஷெட்டிலேயே முடியும். கிளட்ச் விடும் பழக்கத்துக்கு முதல் 60 அடி, அதாவது 18 மீட்டர் போதும். அதற்குமேல் நிறுத்துவதற்கு அதைப்போல இரண்டு பங்கு இடம் வேண்டும். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, கேட்டை மூடிவிட்டு, ஒரு கருவாட்டு கோடவுனின் சிமென்ட் முற்றத்தில்தான் நாங்கள் பழகுகிறோம். முழுத்தூரம் ஓடிப் பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல்சக்கரம்) மெயின் ஜெட்டுக்கும்தான் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை). அதற்குச் சென்னை இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டிலும் பயிற்சிக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று விசாரித்து, மூன்று டீம் சேர்ந்து செலவைப் பிரித்துக்கொண்டு போங்கள்.

2. வகுப்பு, விதிப் புத்தகம், லைசென்ஸ்

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் எந்த வகுப்பில் ஓடப்போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் தனியாக வெளியிடும் விதிமுறையில் சி.சி. வரம்பு, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, என்ன பெட்ரோல், குறைந்தபட்ச எடை உண்டா, தூரம் 402 மீட்டரா அதற்குக் குறைவா எல்லாம் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து ஷெட் சுவரில் ஒட்டுங்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், பின்னால் திருத்த முடியாத வேலைகள் இருக்கின்றன. 58 மி.மீ. போரை (சிலிண்டரின் உள்விட்டம்) ஒரு தடவை பெரிதாகத் தள்ளிவிட்டால் தள்ளினதுதான். ஸ்டாக் வகுப்புக்குத் திரும்ப வேறு சிலிண்டர் தேட வேண்டும். ஸ்விங் ஆர்மை நீட்டி வெல்டிங் வைத்துக்கொண்டு வந்த பையன் ஒருவனுக்கு, அவன் பணம் கட்டியிருந்த வகுப்பில் அது கூடாது என்பது சோதனை மேசையில்தான் தெரிந்தது.

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்கு அங்கீகாரம் தருவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. ஓட்டுபவர் பெயரில் அதன் போட்டி லைசென்ஸ் வேண்டும். மருத்துவச் சான்று, இரத்த வகை எல்லாம் கேட்பார்கள், 18 ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதமும் சேரும். விண்ணப்பத்தைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் யாராவது கூப்பிட்டு ஓடச் சொன்னால் போகாதீர்கள். ஆம்புலன்ஸும் இருக்காது, உங்கள் லைசென்ஸுக்கும் பிரச்சினை வரும்.

3. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

போட்டித் தேதி தெரிந்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 12 வாரம் முன்னால் என்ஜின் பிரித்தாகிவிட வேண்டும், 8-வது வாரத்துக்குள் லேத் வேலை முடிய வேண்டும், 6-ல் புது பிஸ்டனைப் பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும், 4-ல் சர்க்யூட் பயிற்சி. கடைசி ஒரு வாரம் வண்டியில் எதையும் மாற்றக்கூடாது.

நம் கரைக்கு ஒரு தனி விஷயம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி, ராமேஸ்வரம், மண்டபம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஒவ்வொரு லேத்திலும் புரொப்பல்லர் ஷாஃப்டும் புஷ்ஷும் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் ஒரு சிலிண்டரைக் கொண்டுபோய் "அவசரம் அண்ணே" என்று நின்றால், அவருக்கு அது பத்து குடும்பத்தின் பிழைப்புக்கு நடுவே வந்த ஒரு விளையாட்டுச் சாமான். அவர் சொல்வதும் நியாயம்தான். பங்குனிக்குள்ளேயே போர், ஹெட் வேலையை முடித்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிற்சி ஓட்டம் எதையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். அந்த மாதங்கள் பிரித்துப் பார்க்கவும், பாகம் தேடி வாங்கி வைக்கவும்தான்.

4. கையில் இருக்க வேண்டியவை

ஓட்டுபவரின் உடுப்புதான் முதல் செலவு. முழுமுக ஹெல்மெட், லெதர் சூட், கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட், முதுகுக் கவசம். பையன்கள் கார்புரேட்டரை முதலில் வாங்கிவிட்டு ஹெல்மெட்டை இரவல் கேட்பார்கள். இரவல் ஹெல்மெட் தலைக்குச் சரியாக உட்காராது, எத்தனை தடவை கீழே விழுந்தது என்றும் உங்களுக்குத் தெரியாது.

வண்டிக்கு, ஓட்டுபவரின் மணிக்கட்டோடு கயிறு கட்டிய கில் ஸ்விட்ச். ஆள் வண்டியை விட்டுப் பிரிந்தால் கயிறு இழுத்து என்ஜின் நிற்கும். ஆயில் வடிக்கும் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கட்டுங்கள், ஏனென்றால் உங்கள் ஆயில் ஓடுபாதையில் கொட்டினால் அடுத்து வருபவன் விழுவான்.

கருவிகளில் வெர்னியர், டயர் பிரஷர் கேஜ், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், பூதக்கண்ணாடி. வெயில் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. அப்புறம் ஒரு 200 பக்க நோட்டு. எங்கள் நோட்டின் ஓரமெல்லாம் ஆயில் ஏறி மஞ்சளாகி, 2-வது ஆண்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன, ஆனாலும் ஷெட்டில் தீப்பிடித்தால் நான் முதலில் தூக்குவது அதைத்தான். தேதி, மணி, வெப்பம், ஈரப்பதம், ஜெட், பற்கள், டயர் காற்று, 60 அடி நேரம், மொத்த நேரம் என்று ஒரு ஓட்டத்துக்கு ஒரு வரி. எழுதும் வேலை ஓட்டுபவருடையதாக இருக்கக்கூடாது. இறங்கியவுடன் அவனுக்கு எல்லாமே வேகமாகப் போனதாகத்தான் தோன்றும்.

5. என்ஜின் காற்றுப் புகாமல் இருக்கிறதா

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே (என்ஜினின் அடிப்பெட்டி) ஒரு பம்ப். எங்காவது துளி காற்று உள்ளே இழுத்தால் கலவை லீன் ஆகும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), நீங்கள் ஜெட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள், ஒரு நாள் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துவிடும். அதனால் ஜெட்டுக்கு முன்னால் இதுதான்.

கடையில் சோதனைக் கருவி தேட வேண்டாம். பழைய இரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பல்பும் மீட்டரும் போதும். கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் வாயைச் சைக்கிள் டியூப் துண்டை வைத்துத் தகட்டோடு இறுக்குங்கள், இன்டேக் வாயில் டியூப் நுழைத்த ரப்பர் கார்க்கை அடித்து கிளாம்ப் போடுங்கள். ப்ளக் மாட்டியே இருக்கட்டும். பல்பை அழுத்தி முள்ளை 300-க்கு ஏற்றுங்கள், அது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ.; அதற்குமேல் போனால் நல்ல சீலையே தள்ளிவிடும். ஆறு நிமிடம் பாருங்கள். முள் அசையக்கூடாது.

இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு சிலிண்டர் அடி, ஹெட், ரீட் பாக்ஸ் (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு), மேக்னெட் பக்கத்து சீல் என்று தடவிக்கொண்டே வாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். வெளியே எங்கும் குமிழி இல்லாமலே முள் இறங்கினால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் சோப்பு நுரையை வையுங்கள். அது ஊதினால் கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது. இந்த சீலைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், கேஸைப் பிளக்காமல் கண்ணால் பார்க்க முடியாது என்பதால்.

அடுத்தது ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. 2 மி.மீ. சால்டரிங் ஈயக் கம்பியை ப்ளக் ஓட்டை வழியாக விட்டு, நுனி சிலிண்டர் சுவரைத் தொடும்படி பிடித்து, மேக்னெட் நட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி ஒரு தடவை மேலே கொண்டுவாருங்கள். நசுங்கிய நுனியை வெர்னியரில் அளங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் அளக்க வேண்டும், பிஸ்டன் பின் போகும் திசை அது. முன்பின்னாக வைத்தால் பிஸ்டன் சாய்ந்து தப்பான அளவு வரும். எங்களுக்கு 1 மி.மீ. ஒட்டி இருந்தால் திருப்தி. ஹெட்டை இழைத்து 0.7-க்குக் கொண்டுவந்தால் கம்ப்ரஷன் ஏறும்தான், ஆனால் அதிக ஆர்.பி.எம்.மில் எல்லாம் கொஞ்சம் நீளும், பிஸ்டன் ஹெட்டைத் தொட்டுவிடலாம்.

6. உப்பு

கோவைக்காரன் ஒரு தடவை மாட்டியதை மறந்துவிடலாம், நாம் முடியாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கனெக்டரையும் பிரித்துப் பாருங்கள். எங்கள் சி.டி.ஐ. (ப்ளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் மின்பெட்டி) கனெக்டரை ஒருநாள் பிரித்தபோது பித்தளைப் பின்கள் இரண்டில் பச்சைக் களிம்பு பஞ்சுபோல் பூத்திருந்தது, அதைச் சுரண்டியதும் பின்னின் பாதி கூடவே உதிர்ந்து வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரம் மேல் ஆர்.பி.எம்.மில் வண்டி தடுமாறுவதற்கு மெயின் ஜெட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சுத்தம் செய்து மின் இணைப்புக்கான கிரீஸ் தடவி மூடுங்கள். எர்த் வயர் சேசிஸில் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குங்கள். கிளட்ச் கேபிளை எண்ணெய் விட்டு ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு இழை துருப்பிடித்தாலும் விடும்போது ஒரு இடத்தில் சிக்கித் தாவும், அந்தத் தாவலில்தான் உங்கள் ஸ்டார்ட் போகிறது.

7. கிளட்சும் முதல் 60 அடியும்

ரேஸில் அதிக நேரம் மிச்சமாவது இங்கேதான், செலவு குறைவதும் இங்கேதான். முதல் 60 அடியில் 0.1 நொடி மிச்சம் பிடித்தால், கடைசிக் கோட்டில் அது அதைவிடக் கூடுதலாகவே திரும்பி வரும், ஏனென்றால் அங்கே கிடைத்த வேகத்தோடுதான் மீதித் தூரம் முழுவதையும் ஓடுகிறீர்கள்.

கிளட்ச் பிளேட் ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து, மேனுவல் சொல்லும் அளவுக்குக் கீழே போனதைத் தூக்கிப் போடுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் வைத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். புது பிளேட்டை கியர் ஆயிலில் ஒரு இரவு ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும், காய்ந்ததை மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்பிரிங்கை எடுத்தவுடனே ரொம்பக் கெட்டியாகப் போடாதீர்கள். கை வலித்தால் விரல் நடுங்கும், விரல் நடுங்கினால் ஒரே மாதிரி விட முடியாது.

பழகும் முறை: ஆர்.பி.எம்.மை ஒரே அளவில் பிடியுங்கள், கிளட்சைக் கடிக்கும் இடம் வரை சட்டென்று விடுங்கள், அங்கிருந்து முழுதாக விடுவதை மட்டும் இழுத்துச் செய்யுங்கள். சின்ன சி.சி. வண்டி, அதிலும் டூ-ஸ்ட்ரோக், ஆர்.பி.எம். பவர் பேண்டுக்கு (என்ஜின் நன்றாக இழுக்கும் ஆர்.பி.எம். எல்லை) கீழே விழுந்தால் திரும்ப ஏறுவதற்குள் ரேஸ் முடிந்துவிடும். பையன்கள் பண்ணுவது இரண்டு தப்பு: ஆக்சிலேட்டரை விர்ர் விர்ரென்று முறுக்கிக்கொண்டே இருப்பது, அப்புறம் பச்சை விழுந்ததும் கிளட்சை அப்படியே கைவிடுவது. பத்து தடவை விட்டால் பத்தும் ஒரே மாதிரி வர வேண்டும். அதுவரை அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் ஸ்டார்ட் ஒவ்வொரு தடவையும் மாறினால் ஸ்ப்ராக்கெட் மாற்றி என்ன ஆனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பின் டயர் காற்றை ரோட்டுக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் குறைத்து, 2 பி.எஸ்.ஐ. வீதம் மாற்றிப் பாருங்கள். ரொம்ப இறக்கினால் வண்டி நேர்கோட்டில் ஆடும்.

8. ஸ்ப்ராக்கெட்

கோட்டைத் தாண்டும்போது டாப் கியரில் உச்ச பவர் வரும் ஆர்.பி.எம்.மைக் கொஞ்சம் தாண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதற்கு முன்பே என்ஜின் கத்தி முடித்துவிட்டால் கியரிங் குட்டை, கடைசி கியருக்கு வேலையே இல்லாமல் போனால் நெட்டை.

முன்னால் ஒரு பல் என்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல். 14-க்கு 42 என்றால் விகிதம் 3.00. முன்னால் 13 ஆக்கினால் 3.23. அதே 14-ஐ வைத்துக்கொண்டு பின்னால் 45 போட்டால் 3.21. அதனால் பெரிய மாற்றத்துக்கு முன்னால், நுணுக்கத்துக்குப் பின்னால். போட்டிக்குப் போகும்போது பின் ஸ்ப்ராக்கெட் மூன்று அளவில் எடுத்துப் போங்கள், செயினும் அதற்குத் தகுந்த நீளத்தில். மாற்றிய பிறகு செயின் தளர்வை, ஆள் உட்கார்ந்த நிலையில் பாருங்கள். ஆள் இல்லாமல் சரியாக இருக்கிற செயின், ஸ்டார்ட்டில் பின்பக்கம் அழுந்தும்போது விறைத்து நிற்கும்.

9. ஜெட், காற்று, பெட்ரோல்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். எங்கள் என்ஜின் போனது இங்கேதான்.

பிற்பகல் பயிற்சி, 35 டிகிரி. மெயின் ஜெட்டை 145-லிருந்து 140-க்கு இறக்கினோம், வண்டி சுத்தமாக இழுத்தது, ப்ளக்கும் நல்ல நிறம். சந்தோஷமாகப் படுத்தோம். மறுநாள் காலை முதல் ஓட்டத்தில் வெப்பம் 24. யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. மூன்றாவது கியரில் பிஸ்டன் பிடித்தது. ஓட்டியவன் எப்போதும் இரண்டு விரலை கிளட்ச்மேலேயே வைத்திருப்பவன் என்பதால் உடனே அழுத்திவிட்டான், வண்டி உருண்டு ஓரத்தில் நின்றது. சிலிண்டரைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் பக்கத்தில் அலுமினியம் நாலு கோடாக இழுபட்டிருந்தது.

காரணம் எளிது. குளிர்ந்த காற்று அடர்த்தி. 35-லிருந்து 24-க்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 4% கூடும், பெட்ரோல் அதே அளவுதான் வரும், கலவை லீன். 140-க்கு 4% என்றால் 145. நாங்கள் கழற்றி டப்பாவில் போட்ட அதே ஜெட். காலையில் பெரிய ஜெட், மதியம் சின்ன ஜெட் என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள், சந்தேகம் என்றால் பெரியதை விடுங்கள். ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடினால் கொஞ்சம் நேரம் போகும், லீனாக ஓடினால் என்ஜின் போகும்.

ஈரப்பதமும் உண்டு. நம் கரையில் 33 டிகிரி, 80% ஈரப்பதம் இருக்கும் மாலையில் நீராவி மட்டுமே காற்றில் சுமார் 4% இடத்தை எடுத்துக்கொள்ளும், அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. ஷெட்டில் சரியாக இருந்த ஜெட், உள்நாட்டின் வறண்ட காற்றில் லீனாக மாறுவது இதனால்தான். உயரம் இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும்: கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், காற்றழுத்தம் 5% வரை குறைவு, பெங்களூரு 900 மீட்டர், 10% குறைவு. அங்கே போனால் ஜெட்டை இறக்க வேண்டிவரும்.

வரிசை இது: முதலில் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் வைத்து ஐடிலைச் சரிபண்ணுங்கள், அடுத்து மெயின் ஜெட், கடைசியில் நீடில் (பாதி ஆக்சிலேட்டருக்கான ஊசி). மெயினுக்குப் புது ப்ளக் மாட்டி முழுத்தூரம் ஓடி, கோட்டைத் தாண்டியதும் கிளட்சை அழுத்தி அதே நொடியில் கில் ஸ்விட்சைத் தட்டுங்கள். ஐடிலில் ஓட்டிக்கொண்டே பிட்டுக்கு (டீம் நிற்கும் இடம்) வந்தால் ப்ளக் காட்டுவது ஐடிலின் நிறத்தை. பூதக்கண்ணாடியில் பீங்கானின் அடிவேர் வரை பாருங்கள். அடியில் பால் காப்பி நிறத்தில் ஒரு வளையம் இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ரிச். வெள்ளைவெளேரென்று இருந்து, மேலே மிளகுத்தூள் தூவியதுபோல் சின்னச் சின்ன வெள்ளிப் புள்ளிகள் மின்னினால் உடனே வண்டியை நிறுத்துங்கள், அவை உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தவை.

ஆயில் பம்பைக் கழற்றியிருந்தால் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். நாங்கள் லிட்டருக்கு 30 மி.லி., மருந்து ஊசி சிரிஞ்சில் அளந்து. "கொஞ்சம் கூட ஊத்துனா பாதுகாப்புதானே அண்ணே" என்று கேட்பார்கள். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், கலவை லீன் ஆகும். அளவை மாற்றினால் ஜெட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இப்போது பம்பில் வரும் 20% எத்தனால் கலந்த பெட்ரோலிலும் இரண்டு விஷயம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட் இதற்கு லீன். அப்புறம் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. திறந்த கேனில் இரண்டு வாரம் கிடந்த பெட்ரோலை ரேஸுக்கு ஊற்றாதீர்கள்.

10. இப்போது பவர்

ஸ்டார்ட் ஒரே மாதிரி வருகிறது, கியரிங் பொருந்துகிறது, ப்ளக் நல்ல நிறம் என்றால் சிலிண்டரைத் தொடலாம். முதலில் சைலன்சர், அடுத்து ரீட், கடைசியில்தான் போர்ட். எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே தள்ளினால் பவர் மேல் ஆர்.பி.எம்.முக்கு நகரும், கீழே இழுவை போகும், நீங்கள் கஷ்டப்பட்டுப் பழகிய ஸ்டார்ட் அதோடு போகும். ஒரு தடவைக்கு அரை மி.மீ. தேயுங்கள், ஓரத்தைச் சரிவாக மழுக்குங்கள், இல்லையென்றால் ரிங் அதில் சிக்கி ஒடியும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 8, 9 பகுதிகளைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே நாளில் இரண்டு மாற்றம் கூடாது, எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

11. விளக்கு மரம்

விளக்கு மரம் என்பது ஓட்டுபவருக்கு எதிரே விளக்குகளை மேலிருந்து கீழாக அடுக்கிய கம்பம். தொடக்கக் கோட்டில் முன் சக்கரத்தைப் பார்க்க இரண்டு ஒளிக்கதிர் இருக்கும். முதலாவதை மறைத்தால் மேல் விளக்கு, இன்னும் ஒரு சாண் அளவுகூட நகராமலே இரண்டாவது விளக்கு. இரண்டும் எரிந்தால் நீங்கள் தயார். இரண்டாவது எரிந்தவுடன் நிறுத்துங்கள், உள்ளே தள்ளிப் போய் நிற்காதீர்கள். கிளம்பிய பிறகு, ஓட்ட நேரம் எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் சக்கரம் உருண்டு ஓடும் அந்தச் சின்னத் தூரம் உங்களுக்கு லாபம்.

மரம் இரண்டு விதம். ஒன்றில் மூன்று மஞ்சளும் 0.5 நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து பச்சை வரும். இன்னொன்றில் மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 நொடியில் பச்சை. எது என்று போட்டிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையைப் பார்த்துக் கிளம்புபவன் தாமதித்துவிட்டான். கண் பார்த்து, கை விட்டு, சக்கரம் கதிரை விட்டு வெளியேறுவதற்குள் பச்சை விழுந்திருக்கும், அதனால் கடைசி மஞ்சளுக்கே கிளம்ப வேண்டும். முந்திவிட்டால் சிவப்பு, ஓட்டம் போச்சு.

இங்கே எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஓட்ட நேரம் பச்சையிலிருந்து எண்ணப்படுவதில்லை, உங்கள் சக்கரம் நகர்ந்ததிலிருந்து. இரண்டு பேர் மோதும் சுற்றில் நீங்கள் 15.20-ல் ஓடி, கிளம்ப 0.45 எடுத்துக்கொண்டால் மொத்தம் 15.65. பக்கத்துக்காரன் 15.40-ல் ஓடி 0.15-ல் கிளம்பினால் 15.55. வேகமான வண்டி தோற்றது. தகுதிச் சுற்று ஓட்ட நேரத்தை மட்டும் பார்க்கும், அதனால் அங்கே அவசரப்பட வேண்டாம்.

வீட்டிலேயே பழகலாம். மூன்று மஞ்சள், ஒரு பச்சை எல்.இ.டி. வைத்து ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள். பழைய இழை பல்பு வேண்டாம், அது எரிந்து பிரகாசமாவதற்கே நேரம் எடுக்கும். என்ஜின் ஆஃப் செய்த வண்டியில் உட்கார்ந்து, கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் விளக்கும் கிளட்ச் லீவரும் தெரியும்படி எடுங்கள். கடைசி மஞ்சள் எரிந்த படத்திலிருந்து லீவர் அசைந்த படம் வரை எண்ணுங்கள், ஒரு படம் 4 மில்லி நொடி. எங்கள் ஓட்டுபவன் தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 20 தடவை செய்வான், அவன் அம்மா எண்ணிச் சொல்லுவார்.

12. போட்டி நாள்

இங்கிருந்து சென்னைக்கு 500 கி.மீ.க்கு மேல். குட்டியானையில் முன் ஃபோர்க்கை ரொம்ப அழுத்திக் கட்டாதீர்கள், சீல் கசியும். கார்புரேட்டரை வடித்துவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். முந்தின நாள் மாலைக்குள் போய்ச் சேருங்கள். விடிய விடிய வண்டியில் உட்கார்ந்து வந்தவனுக்கு மரத்தின் முன்னால் கண் இருட்டும்.

போனதும் முதலில் சோதனை மேசை. கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் முன்பே கழற்றி, கில் ஸ்விட்ச் வேலை செய்வதைக் காட்டத் தயாராக இருங்கள். அடுத்து ஓடுபாதை முழுவதையும் நடந்து பாருங்கள். எந்தப் பக்கத்தில் ரப்பர் ஏறியிருக்கிறது, நிறுத்தும் தூரம் எவ்வளவு, அங்கே தரை எப்படி என்று கால் சொல்லும். அப்புறம் மீட்டர், நோட்டு, ஜெட், இந்த வரிசையில்.

டயர் சூடேற்றத் தண்ணீர் தெளித்த இடம் இருந்தால் முன் சக்கரம் அதில் இறங்காமல் சுற்றிப் போய் பின் சக்கரத்தை மட்டும் வையுங்கள். சின்ன வண்டிக்கு ஒரு சின்னச் சுழற்றல் போதும், மண்ணைத் தட்டிவிட. நீண்ட நேரம் புகை விட்டால் கிளட்ச்தான் சூடாகும்.

ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே என்ஜினை நிழலில் ஒரே அளவுக்கு ஆறவிடுங்கள். ஒருவன் மட்டும் ஓட்டுபவனிடம் பேசட்டும். நாலு பேரும் நாலு யோசனை சொல்லி அனுப்பிய ஒரு சுற்றில் எங்கள் பையன் இரண்டாவது கியரிலேயே கிளம்பினான், அன்று முழுக்க யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

13. வீடு திரும்பியதும்

அன்றைக்கே, அசதியாக இருந்தாலும், நோட்டில் மீதியை எழுதிவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி பிஸ்டனைப் பாருங்கள், ரிங் இடைவெளியை அளங்கள், கிளட்ச் பிளேட்டை அளந்து பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

வாடை தொடங்குவதற்கு முன்னால் டேங்கையும் கார்புரேட்டரையும் சுத்தமாக வடியுங்கள். ப்ளக் ஓட்டையில் 10 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாக நாலு தடவை மிதித்து, ப்ளக்கை மாட்டுங்கள். சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி. செயினைக் கழற்றி ஆயிலில் போட்டு டப்பாவில் மூடுங்கள். வண்டியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வேர்த்து உப்பு இன்னும் வேகமாகத் தின்னும்; பருத்திப் போர்வை போட்டு, மேலே கூரை ஒழுகாத இடத்தில் பலகைமேல் நிறுத்துங்கள். 15 நாளுக்கு ஒருமுறை போய் கிக்கரை இரண்டு மிதி மிதித்துவிட்டு, நோட்டில் தேதியைப் போட்டுவிட்டு வாருங்கள்.